டர்பன் வீட்டுப் பார்க்கே தரை: விற்பதற்கு முன் எந்த நிற ஸ்டெய்ன் (மரச்சாயம்) போடுவது?

கேள்வி: ரிசர்வாயர் ஹில்ஸ் மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். டர்பன், ரிசர்வாயர் ஹில்ஸில் இருக்கிறோம். வீட்டை விற்கப் போகிறோம். பிள்ளைகள் இரண்டு பேரும் ஜோகன்னஸ்பர்க்கில் வேலைக்குப் போய்விட்டார்கள். மேட்டு வீடு, கேட்டிலிருந்து வாசலுக்கு 31 படி. இவருடைய முழங்காலுக்கு இனி அது ஆகாது. ஆடி பிறப்பதற்குள் படம் எடுத்து விளம்பரம் போட்டுவிடலாம் என்கிறார் ஏஜென்ட் அம்மா. அதற்குள் தரை முடிய வேண்டும். அந்தத் தரை விஷயத்தில்தான் வீட்டுக்குள் ஆளுக்கு ஒரு பேச்சு.

தரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் டர்பன் கேட்டோ மேனரில் பலகையும் தகரமுமாகக் கட்டியிருந்த வீட்டை, இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் இருக்க வேண்டும் என்ற குழுப் பகுதிச் சட்டம் வந்ததும் விட்டுவிட்டு வந்தவர். இந்த மனையை வாங்கி 1968-இல் வீடு கட்டினார். ஹாலிலும் இரண்டு படுக்கையறைகளிலும் பார்க்கே, அதாவது சின்னச் சின்ன மரக்கட்டைகளை ஒட்டிய தரை. அதை வேலைக்காரர் யாரும் பதிக்கவில்லை. பகலில் தொழிற்சாலை வேலை முடித்து வந்து, இரவில் அவரும் அவர் தம்பியும் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக ஒட்டியது. விரல் அகலக் கட்டைகள் ஐந்து சேர்ந்து ஒரு சதுரம். பக்கத்துச் சதுரம் அதற்குக் குறுக்கே. பாய் முடைந்த மாதிரி இருக்கும். 1989-இல் கார்ப்பெட் போடுவது வழக்கமாக வந்தபோது அதன்மேல் பச்சைக் கார்ப்பெட் போட்டு மூடிவிட்டார்கள். நான் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தது அதற்குப் பிறகு. ஆகையால் இத்தனை வருஷம் இந்த வீட்டில் நடந்தும் இந்தத் தரையை நான் பார்த்ததே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் கார்ப்பெட்டைக் கிழித்தோம். அடியிலிருந்த ரப்பர் விரிப்பு மாவாக உதிர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பெயிண்ட் சுரண்டும் தகட்டால் ஒரு மூலையைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தேன். பழம்புளி நிறம். துணி ஈரம் காய்வதற்குள் உள்ளேயிருந்து ஒரு சிவப்பு எழுந்து வந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இனி பிரச்சினை. ஏஜென்ட் அம்மா, "டார்க் வால்நட் அடித்துவிடுங்கள், படத்தில் பணக்காரக் களை வரும்" என்கிறார். மகள் போனில் சாம்பல் நிறத் தரைப் படங்களாக அனுப்புகிறாள். இவரோ, "அப்பா போட்ட மரம், நிறமே வேண்டாம், மெழுகு தேய்த்தால் போதும்" என்கிறார். மாமியார் இருந்தவரை சனிக்கிழமைதோறும் முட்டி போட்டுக் கோப்ரா பாலிஷ் தேய்ப்பாராம், வீடே அந்த வாசனையாக இருக்குமாம்.

இன்னும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். ஹால் ஜன்னல்கள் தெற்கு பார்த்தவை. இந்த நாட்டில் வெயில் வடக்குப் பக்கம்தான் வரும் என்பதால், ஜூன் மாதம் மத்தியானம் மூன்று மணிக்கே ஹாலில் விளக்கு போட வேண்டியிருக்கிறது. இரண்டாவது, 1984-இல் பின்னால் ஓர் அறை சேர்த்தார்கள். அதில் மட்டும் பைன் பலகைத் தரை. கதவைத் திறந்தால் இந்தப் பக்கம் செம்பழுப்பு, அந்தப் பக்கம் வெளிர் மஞ்சள். வாசற்படியில் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. மூன்றாவது, ஹால் மூலையில் சாமி மாடம் இருந்த இடம். கார்ப்பெட் போடும்வரை குத்துவிளக்கு எண்ணெய் வருஷக்கணக்காகச் சொட்டி, தாம்பாளம் அளவுக்குக் கறுத்த வட்டம். அதன் பக்கத்தில் துளசித் தொட்டி வைத்த இடத்தில் இன்னொரு கறுப்பு வளையம்.

விற்கிற வீட்டுக்கு எந்த நிறம் சரி? வாங்க வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்? தரை மொத்தம் 62 சதுர மீட்டர். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பைன்டவுன் ஃபிளாட்

அக்கா, போன வருஷம் என் ஃபிளாட்டை விற்றேன், டார்க் நிறம்தான் போட்டேன். எனக்கு நன்றாகவே அமைந்தது. படத்தில் வெள்ளைச் சுவரும் கறுத்த தரையும் பளிச்சென்று எடுத்துக்காட்டின, வீட்டைத் திறந்து காட்டிய முதல் ஷோ டேயிலேயே இரண்டு பேர் விலை எழுதிக் கொடுத்தார்கள்.

ஆனால் என் ஹால் வடக்கு பார்த்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில். என்னுடையது ஓக் மரம். சாயத்தை நன்றாகக் குடித்தது. தெற்கு பார்த்த ஹாலில் அதே நிறத்தை நான் போட்டிருக்க மாட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன். ஷோ டேக்கு முந்தின ஆறு நாளும் காலை மாலை இரண்டு வேளை துடைத்தேன். கறுப்புத் தரையில் ஒரு முடி விழுந்தாலும் தெரியும். வெறுங்காலில் நடந்தால் அடிச்சுவடு தெரியும். வீட்டில் நாய் இருந்தால் நினைக்கவே வேண்டாம்.

பதில் 2: சாட்ஸ்வொர்த் தரைக்காரர்

வணக்கம்மா. நான் 30 வருஷமா இதே வேலை. டர்பன்ல பழைய வீட்டுப் பார்க்கே நிறைய என் இழைப்பு மிஷின் கீழ போயிருக்கு. நீங்க சொல்ற நிறத்தையும் 1968-ங்கிறதையும் வெச்சுப் பார்த்தா அது ரொடீஷியன் தேக்கு. ரொடீஷியா நாடு 1980-ல ஜிம்பாப்வேன்னு பேர் மாத்தியும் மரத்துக்கு இங்க அந்தப் பேரே நின்னுபோச்சு. பேர்தான் தேக்கு, நம்ம ஊர்த் தேக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அதைவிடக் கனம், அதைவிடக் கெட்டி. ரயில் தண்டவாளத்துக்குக் கீழ கட்டையாப் போட்ட மரம் அது. அவ்வளவு நெருக்கமான மரம் சாயத்தை லேசில உள்ள விடாது. இதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

ஸ்டெய்ன் பெயிண்ட் கிடையாது. பெயிண்ட் மூடும். ஸ்டெய்ன் மரத்தோட சொந்த நிறத்தோட சேர்ந்து மூணாவதா ஒரு நிறத்தைக் காட்டும். கடையில அட்டையில பார்க்கிற நிறம் பைன்லயோ ஓக்லயோ தேய்ச்சது. உங்க மரம் சிவப்பு. சிவப்பு மேல சாம்பல் தேய்ச்சா உங்க பொண்ணு அனுப்பின படம் வராது, மங்கின கத்தரிப்பூ நிறம் வரும். நான் ரெண்டு வீட்டுல பார்த்திருக்கேன், ரெண்டையும் திரும்ப இழைச்சோம். சிவப்பைக் கொஞ்சம் தணிக்கணும்னா பச்சைச் சாயல் கலந்த பழுப்புதான் தணிக்கும். சாம்பல் அதுக்கு ஆகாது. அப்புறம் அந்தச் சாம்பல் மோகம் இப்ப இறங்கிட்டு வருது. மரம் மரமா இருக்கட்டும்னு கேக்கறவங்கதான் எங்கிட்ட அதிகமா வர்றாங்க.

டார்க் வால்நட் ஏன் உங்க தரைக்கு வேணாம்னு சொல்றேன். பலகைத் தரைன்னா மரரேகை போற திசையிலயே மிஷினை ஓட்டலாம். பாய் முடைஞ்ச பார்க்கேல பாதிக் கட்டை ஒரு பக்கம், பாதி குறுக்க. எப்படி ஓட்டினாலும் பாதிக் கட்டைக்கு அது குறுக்கு வெட்டுதான். அதனால மூலைக்கு மூலை சாய்வா ஒரு தடவை, எதிர்ச்சாய்வா ஒரு தடவை ஓட்டி, படிப்படியா மெல்லிய உப்புத்தாளுக்கு வருவோம். தாள் நம்பர் 40, 60, 80, கடைசியா 120. சாயம் இல்லாம வார்னிஷ் மட்டும்னா 120 வரைக்கும் போகலாம், கீறல் கண்ணுக்கே தெரியாது. சாயம் போடணும்னா அவ்வளவு வழவழப்பா இழைக்கக் கூடாது, மரத்தோட கண் அடைச்சுக்கும், சாயம் மேலயே நிக்கும். 80-லயே நிறுத்தணும். நிறுத்தினா மிஷின் போட்ட கோட்டுலயெல்லாம் கறுப்புச் சாயம் போய் உக்காந்துக்கும். சாயங்கால வெளிச்சம் சாய்வா விழும்போது தரை முழுக்கக் கிறுக்கின மாதிரி தெரியும். நிறம் கறுக்கக் கறுக்கக் கீறலும் கூடக்கூடத் தெரியும்.

அந்த விரல்கட்டை மெல்லிசு, எட்டு ஒன்பது மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒவ்வொரு இழைப்பும் கொஞ்சம் தின்னும். நீங்க கறுப்பு அடிச்சு, வாங்கறவங்களுக்குப் பிடிக்காம அவங்க திரும்ப இழைச்சா, மரத்துக்கு ஆயுசு குறைஞ்சிடும். கெட்டிக்காரத்தனமா வாங்க வர்றவங்க அதைக் கேப்பாங்க.

இன்னொண்ணு, கடற்கரை ஊர்ல கறுப்புத் தரையைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வரும்: எதை மறைக்கறாங்க? இங்க வீடு கைமாறும்போது பூச்சிச் சான்றிதழ் கேக்கறது வழக்கம்னு உங்க ஏஜென்ட் சொல்லியிருப்பாங்க. மரம் துளைக்கிற வண்டு, உலர்மரக் கரையான் ரெண்டுக்கும் பார்ப்பாங்க. உங்க ரொடீஷியன் தேக்கு சிமெண்டுல ஒட்டினது, அதைப் பத்திப் பெருசாக் கவலைப்பட வேணாம். ஆனா 1984 அறை பைன் ஆச்சே, அதையும் கூரைக் கட்டையையும்தான் வண்டு தேடும். பலகையில ஊசி முனை அளவுலயோ அதைவிடப் பெருசாவோ ஓட்டை இருக்கா, பக்கத்துல மாவு கொட்டியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. சான்றிதழ் ஆளை முதல்ல கூப்பிடுங்க, இழைக்கிறது அப்புறம். தரை முடிச்ச பிறகு ரெண்டு பலகை மாத்தணும்னு அவர் சொன்னா, புதுப் பலகைக்கும் பழசுக்கும் நிறம் ஒட்டாது.

என் கையால நடந்த ஒரு தப்பையும் சொல்லணும். மெரிபேங்க்ல ஒரு வீடு, ஜனவரி மாசம். வீட்டுக்காரங்களுக்கு அந்த ஞாயிறு ஷோ டே, வியாழக்கிழமை எண்ணெய் ஸ்டெய்ன் தேய்ச்சேன். டர்பன் ஜனவரி ஈரம் உங்களுக்குத் தெரியும், துவைச்ச துணியே காயாது. வெள்ளிக்கிழமை விரலால தொட்டுப் பார்த்தேன், காஞ்ச மாதிரி இருந்தது. அதுமேல தண்ணி வார்னிஷ் அடிச்சேன். உள்ள காயல. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையை நகர்த்தினாங்க, நாலு கால் இருந்த இடத்துலயும் வார்னிஷ் வெங்காயச் சருகு மாதிரி உரிஞ்சு வந்தது. வந்தவங்க முன்னாடியே. என் செலவுல முழுசாத் திரும்பச் செய்து கொடுத்தேன், அந்தக் குடும்பத்துக்கு நாலு வாரம் போச்சு. அதிலிருந்து எண்ணெய் ஸ்டெய்ன்னா குறைஞ்சது மூணு நாள், மழைக்காலம்னா இன்னும் கூட விடறேன். உங்களுக்கு இப்ப ஜூன், காத்து உலர்ந்திருக்கு. நல்ல நேரம்.

அதனால என் கணக்கு: பார்க்கேக்குச் சாயமே வேணாம். இழைச்சு, மினுமினுப்பு இல்லாத தண்ணி வார்னிஷ் மூணு கோட். எண்ணெய் வார்னிஷ் அடிச்சா மஞ்சள் ஏறி அந்தச் சிவப்பு இன்னும் கறுக்கும், உங்க தெற்கு ஹாலுக்கு ஆகாது. தண்ணி வார்னிஷ் மரத்தை வெளிச்சமா வெச்சிருக்கும். சாயம் வேணுங்கறது பைன் அறைக்கு. தேக்கு மாதிரியே ஆக்கப் பார்க்காதீங்க, ஆகாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு தேன் பழுப்பு போதும், வாசற்படியில கண் முட்டாது. பைன் சாயத்தைத் திட்டுத் திட்டாக் குடிக்கும், முதல்ல சாயம் சமமா ஏற வைக்கிற மரக் கண்டிஷனர் தேய்ச்சுட்டுத்தான் சாயம்.

மெழுகைப் பத்தி ஐயா கிட்ட சொல்லுங்க: அம்மா தேய்ச்ச மெழுகு இன்னும் மரத்துக்குள்ள இருக்கு. மினரல் டர்ப்பன்டைன் நனைச்ச துணியால ரெண்டு மூணு தடவை துடைச்சு எடுத்துட்டுத்தான் மிஷின் போடணும். இல்லன்னா சூட்டுல மெழுகு உருகி இன்னும் உள்ள இறங்கும், மேல வார்னிஷ் பிடிக்காது. குத்துவிளக்கு எண்ணெய் வட்டத்துக்கும் அதேதான், ஆனா அது ஆழம் போயிருக்கும், முழுசா வராது. துளசித் தொட்டி வளையம் வேற ஜாதி. தண்ணியும் இரும்பும் மரத்தோட துவர்ப்பும் சேர்ந்த கறுப்பு. ஆக்ஸாலிக் அமிலம் கரைச்சுத் தடவினா வெளுக்கும். கையுறை போட்டுக்குங்க, அப்புறம் நல்ல தண்ணியால ரெண்டு தடவை கழுவித் துடைச்சிடுங்க.

உடைஞ்ச கட்டை இருந்தா வெளிய தேடாதீங்க. சுவர் அலமாரிக்குள்ள பாருங்க. அந்தக் காலத்துல அலமாரிக்குள்ளயும் பார்க்கே பதிச்சிருப்பாங்க. அங்கிருந்து நாலு எடுத்து ஹால்ல போட்டா ஒரே மரம், ஒரே வயசு.

கடைசியா, எண்ணெய் ஸ்டெய்ன் துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில போடவே கூடாது. தானாச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளிய விரிச்சுக் காயப்போடுங்க, இல்லன்னா தண்ணி வாளியில அமுக்கி வைங்க.

பதில் 3: பிரிட்டோரியா தம்பி

அக்கா, தரைக்காரர் அண்ணன் சொன்னதோடு ஒன்று. 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சொத்துத் தரகர் சட்டப்படி, விற்கிறவர் தனக்குத் தெரிந்த குறைகளைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். 'ஃபுட்ஸ்டூட்ஸ்', அதாவது இருக்கிற நிலையில் வாங்கிக்கொள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், தெரிந்தே மறைத்த குறைக்கு அது காப்பாற்றாது. அந்த எண்ணெய் வட்டத்தைச் சாயத்தால் மூடுவதைவிட, இன்ன இடத்தில் கறை இருக்கிறது என்று எழுதிவிடுவது உங்களுக்குப் பாதுகாப்பு.

கேள்வி கேட்டவர்: ரிசர்வாயர் ஹில்ஸ் மருமகள்

எல்லாருக்கும் நன்றி. சாட்ஸ்வொர்த் அண்ணா, உங்கள் பதிலை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார் இவர்.

சொன்னபடி பூச்சிச் சான்றிதழ் ஆளை முதலில் கூப்பிட்டோம். பைன் அறையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகையில் மட்டும் ஓட்டை இருந்தது. பழையது, மாவு இல்லை, உயிருள்ள பூச்சி இல்லை என்றார். இருந்தாலும் அந்தப் பலகையை மாற்றிவிட்டோம்.

பிறகு ஹாலில் நாமே சோதித்துப் பார்ப்போம் என்று, சாமி மாடத்துக்கு எதிர் மூலையில் மூன்று இடத்தை இரண்டடிக்கு இரண்டடி கைமிஷினால் இழைத்தோம். ஒன்றில் ஏஜென்ட் அம்மாவின் டார்க் வால்நட். ஒன்றில் மகளுக்காகச் சாம்பல். மூன்றாவதில் வார்னிஷ் மட்டும். சாயம் போட்ட இரண்டையும் நான்கு நாள் காயவிட்டு, அவற்றின்மேலும் அதே வார்னிஷை அடித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தடவை, இரவு விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தோம்.

சாம்பல், அண்ணா சொன்ன அதே கத்தரிப்பூதான். மகளுக்கு வீடியோ காலில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "வேண்டாம்மா" என்றாள்.

டார்க் வால்நட் காலையில் அழகாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். மூன்று மணிக்கு அது தரையில் ஒரு பள்ளம் மாதிரி ஆகிவிட்டது. குறுக்குக் கட்டைகளில் மிஷின் போட்ட வளைவு வளைவான கோடுகள் எல்லாம் தெரிந்தன. இவர் காலுறையோடு அதன்மேல் நடந்துவிட்டு வந்தார். தூசித் தடம் அப்படியே நின்றது.

மூன்றாவது சதுரத்தில் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தேன். ஒரே கட்டைக்குள் எத்தனை நிறம்! ஓரத்தில் செங்கல் நிறம், நடுவில் கருப்பட்டி, ஊடே நூல் போலக் கறுப்பு வரிகள். பக்கத்துக் கட்டையில் அதே மரம் வேறு மாதிரி. இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஓரிடத்தில் பென்சில் கோடு ஒன்று, இழைத்தும் போகாமல் இடுக்கில் நிற்கிறது. மாமனார் அளந்து போட்ட கோடாகத்தான் இருக்க வேண்டும். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஏஜென்ட் அம்மாவும் வந்து பார்த்தார். மூன்று மணிக்குத்தான் வரச் சொன்னேன். வால்நட்டில் நின்றார், மூன்றாவதில் நின்றார், ஜன்னலைப் பார்த்தார். "இதையே செய்துவிடுங்கள்" என்று மூன்றாவதைக் காட்டினார். படத்தைக் காலையில் எடுக்கலாம், ஷோ டேயைப் பதினொரு மணிக்கே தொடங்கிவிடலாம் என்றும் அவரே சொன்னார். அவர் மனம் மாறியதில் எனக்கு மிகவும் சந்தோஷம். அவரோடு சண்டை போட்டு விற்க எனக்கு மனமில்லை.

துளசித் தொட்டி வளையம் அமிலத்தில் முக்கால்வாசி வெளுத்துவிட்டது. எண்ணெய் வட்டம் போகவில்லை. டர்ப்பன்டைனில் ஐந்து தடவை துடைத்தோம், துணியில் மஞ்சள் வருவது நின்றது, கறுப்பு மட்டும் நிற்கிறது. அலமாரிக் கட்டைகளை எடுத்து அங்கே மாற்றிவிடலாம் என்று இவர் சொன்னார். பிறகு அவரே வேண்டாம் என்றார். படிவத்தில் "ஹால் வடகிழக்கு மூலையில் பூஜை விளக்குக் கறை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

ஆனால் அண்ணா, ஒரு சந்தேகம். எண்ணெய் குடித்த அந்த இடத்தில் தண்ணி வார்னிஷ் பிடிக்குமா? வரும் செவ்வாய்க்கிழமை உங்கள் ஆட்களும் மிஷினும் வருகிறார்களே.

சாட்ஸ்வொர்த் தரைக்காரர்

அந்த இடத்துக்கு மட்டும் முதல்ல மெழுகு நீக்கின ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) ஒரு கோட் அடிச்சுக் காயவிடுங்க, அதுமேல வார்னிஷ் பிடிக்கும். எண்ணெய் மேல வராம அது தடுத்திடும்.

அந்தப் பென்சில் கோடு இருக்கிற கட்டையை என் ஆளுங்க மிஷின் படாம விடட்டும். சுத்தி டேப் ஒட்டி வைங்க, நான் வந்து கையால இழைச்சுத் தர்றேன். செவ்வாய் மழை சொல்லியிருக்காங்க, புதன் காலையில ஆரம்பிச்சுக்கலாம்.